புதுப்பிப்பு: மனைப்பிரிவு கோப்பு நகர்ந்துவிட்டது

எங்கள் 3 ஏக்கர் மனைப்பிரிவுக்குத் தடையின்மைச் சான்று தரவேண்டிய இரண்டு அலுவலகங்களும் "முதலில் அவர்கள் தரட்டும்" என்று மாறி மாறித் திருப்பி அனுப்புவதாகப் போன மாதம் எழுதியிருந்தேன். சரி, இரண்டும் வந்துவிட்டன! சிக்கலுக்குக் காரணம் இடத்தின் ஓரமாகப் போகும் வாய்க்கால்தான்: புல வரைபடத்தில் ஒரு அகலம், பதிவேட்டில் வேறு அகலம். நில அளவரையும் பொறியாளரையும் ஒரே நாளில் இடத்துக்கே வரவழைத்து அளக்கச் சொன்னேன், அரை நாளில் முடிந்தது, இதற்கா ஆறு மாதம் அலைந்தோம் என்று அழுகையே வந்தது.

அப்புறம், திறந்தவெளிக்கு எவ்வளவு இடம் விடவேண்டும் என்று கேட்டவர்களுக்கு: தமிழ்நாட்டில் மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டே ஆகவேண்டும், பதிலுக்குப் பணம் கட்ட முடியாது. அதையும் சாலைகளையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகே இறுதி அனுமதி. அந்தப் பத்திரம்தான் இப்போது தயாராகிறது.