1965 போரில் இறந்த எங்கள் தாத்தா பற்றி விவரம் தெரிந்தவர்கள் உதவவும்

குழு உறவுகளுக்கு வணக்கம். எங்க ஆயாவோட கூடப் பிறந்த அண்ணன் விமானப்படையில் இருந்தவர். 1965 செப்டம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில் இறந்துட்டார். 22 வயசு, கல்யாணம் ஆகல. ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், இப்போ கிருஷ்ணகிரி மாவட்டம்.

கையில் இருப்பது ஒரு போட்டோவும் ஒரு இன்லேண்ட் லெட்டரும்தான். லெட்டர் மடிப்பு மடிப்பா கிழிஞ்சு, ஆயா சோத்துப் பசை வெச்சு ஒட்டி வெச்சிருக்காங்க. "மாங்கா ஊறுகாய் தீந்துபோச்சு, அடுத்த லீவுக்கு ரெண்டு ஜாடி போட்டு வை" என்று கடைசி வரி. அந்த லீவு வரவேயில்லை. தந்திதான் வந்தது. சர்வீஸ் நம்பர் இருந்த காகிதமெல்லாம் கூரை ஒழுகி வீணாப்போச்சு.

தேடுறவங்க ஒண்ணு கவனிக்கணும். தர்மபுரி மாவட்டம் பிரிஞ்சதே 1965 அக்டோபர் 2-ல்தான், கிருஷ்ணகிரி 2004-ல். அதனால் அவர் இறந்தப்போ நம்ம ஊர் சேலம் மாவட்டம். பழைய பதிவில் சேலம் என்றே இருக்கலாம்.

சர்வீஸ் நம்பர் இல்லாமல் விமானப்படையில் விவரம் கேட்க வழி உண்டா? முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எந்த மாவட்டத்தில் மனு கொடுக்கணும்? அந்தக் காலத்தில் விமானப்படையில் இருந்த பெரியவங்க உங்க வீட்டில் இருந்தால் தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்க.

டெல்லி தேசியப் போர் நினைவுச்சின்னத்தில், சுதந்திரத்துக்குப் பிறகு உயிர்விட்ட வீரர்கள் பேரைக் கிரானைட் கல்லில் பொறிச்சிருக்காங்க. அங்கே போறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, அவர் பேரைத் தனியா அனுப்புறேன். ஆயாவுக்கு இப்போ கண் மங்கிட்டே வருது. அண்ணன் பேரை ஒருதரம் பாத்துடணும்னு தினமும் கேக்கறாங்க.