யோங்லே பேரு பொறிச்ச குட்டி புத்தர், வாங்கலாமா?

கேள்வி:
ஆன்லைன் ஏலத்துல ஒரு தங்க முலாம் வெண்கல புத்தர் பாத்தேன், 18 செ.மீ இருக்கும், பீடத்துல ஆறு சீன எழுத்து, மிங் மன்னர் யோங்லே (1403–1424) காலம்னு போட்டிருக்கான். ஆரம்ப விலையே என் ரெண்டு மாச சம்பளம். இதுவரை பீங்கான் மட்டும்தான் வாங்கிருக்கேன், வெண்கலம் பத்தி ஒண்ணும் தெரியாது. முலாம் தகதகன்னு இருக்கு, அதான் ஆசையும் பயமும். எத பாத்து நம்புறது?

பதில் 1:
ப்ரோ விலையே இடிக்குதே. நிஜ யோங்லே புத்தர் 2006ல ஹாங்காங் சோதபீஸ் ஏலக் கம்பெனில 11.66 கோடி ஹாங்காங் டாலருக்கு போச்சு, 2013ல இன்னொண்ணு 23 கோடிக்கு மேல. அதெல்லாம் பெரிய சிலை, சின்னது கம்மிதான், அதுக்குன்னு ரெண்டு மாச சம்பளமா?? அப்புறம் அந்த ஆறு எழுத்து. பீங்கான்ல வழக்கமா கடைசி எழுத்து 'செய்தது'ன்னு வரும்ல, இதுல 'அளித்தது'ன்னு வரணும், ஏன்னா அரண்மனை பட்டறைல வார்த்து திபெத் லாமாக்களுக்கு மன்னர் குடுத்தனுப்பினது இதெல்லாம். எழுத்தும் இடமிருந்து வலமா ஓடும், திபெத்காரங்க படிக்கிற மாதிரி. அவசரத்துல காப்பி அடிக்கிறவன் இங்கதான் கோட்ட விடுவான்.

பதில் 2:
எழுத்த கடைசியா பாருங்க, அத யாரு வேணா வெட்டலாம். முதல்ல சிலைய கவுத்துங்க. உள்ள மந்திரச் சுருளெல்லாம் வச்சு அடில செப்புத் தகடு போட்டு மூடுவாங்க, தகட்டுல ரெட்டை வஜ்ரம் (குறுக்கும் நெடுக்குமா ரெண்டு வஜ்ராயுதம், பௌத்த சின்னம்) கீறியிருக்கும், ஓரத்த உளியால தட்டி இறுக்கின தடம் தெரியும். நிறைய சிலைல தகட்ட பேத்து எடுத்துட்டானுங்க, அதனால தகடு இல்லன்னா உடனே போலின்னு சொல்லிட முடியாது. முலாம் விஷயம், அப்போ தங்கத்த பாதரசத்துல குழைச்சு பூசி சூடு காட்டுவாங்க, பாதரசம் ஆவியாப் போயி தங்கம் மட்டும் ஒட்டிக்கும் (அந்தப் புகைய சுவாசிச்ச பட்டறை ஆளுங்கள யாரு நெனச்சா). எக்ஸ்ரே டெஸ்ட்ல மிச்ச பாதரசம் காட்டிக் குடுக்கும். பாதரசம் கொஞ்சம்கூட இல்லன்னா கரன்ட் வச்சு பூசின இந்தக்கால முலாமோன்னு சந்தேகப்படுங்க. ஆனா இருந்தாலும் ஆடாதீங்க, நேபாளத்துல பாட்டன் ஊர்ல இன்னைக்கும் இதே முறைதான், புது சிலைலயும் பாதரசம் இருக்கும்.

பதில் 3:
முட்டி, மூக்கு நுனி, விரல் இங்கெல்லாம் பழசுக்கு ஏத்த மாதிரி முலாம் தேய்ஞ்சிருக்கா? அப்புறம் 50 வருஷத்துக்கு முந்தி யார்கிட்ட இருந்துச்சுன்னு பேப்பர் கேளுங்க.

கேட்டவர்:
நன்றி மக்களே. எழுத்த பெருசு பண்ணி பாத்தேன், கடைசில 'செய்தது'தான் இருக்கு 😐 அடிப்பக்க ஃபோட்டோ கேட்டேன், அது அலமாரில ஃபிக்ஸ் பண்ணிருக்கு எடுக்க முடியாதுங்கிறார்.