மருந்துப் பையில் தமிழ் எழுத்து: வேண்டுமா, போதுமா?

தோட்டத்துப் பேரன்

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டக்காரர்களிடம் ஒரு கருத்துக் கேட்கிறேன். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் மருந்தெல்லாம் கிடைத்துவிடுகிறது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பையில் ஒட்டியிருக்கும் சீட்டில் "அம்பில் 1 பிஜி, 2 காலி செஹாரி, செலெப்பாஸ் மக்கான்" என்று மலாயில் மட்டும்தான் இருக்கிறது. ஒரு மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு என்று அர்த்தம். என் பாட்டி தமிழ் நாளிதழை மரண அறிவிப்பு வரை விடாமல் படிப்பவர். ஆனால் தன்னுடைய ஆறு பை மருந்தைப் படிக்க அவரால் முடியவில்லை. நிறமும் வடிவமும்தான் அவருக்கு அடையாளம்.

போன முறை ரத்தக் கொதிப்பு மாத்திரை வேறு கம்பெனியிலிருந்து வந்தது. மருந்து அதேதான், நிறம் மட்டும் வேறு. புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்து, வீட்டில் மிச்சமிருந்த பழையதையும் சேர்த்தே சாப்பிட்டு வந்திருக்கிறார். தலைசுற்றி விழுந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. சீட்டில் தமிழும் வேண்டும் என்று ஒரு மனு தயாரிக்கிறேன். யாரெல்லாம் கையெழுத்துப் போடுவீர்கள்?

மருந்தகத்துக்காரி

தம்பி, பாட்டி இப்போது நலமா? வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரைகளை முதலில் கிளினிக்கில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

மனுவுக்கு நான் எதிர்ப்பு. மருந்துக் கவுண்டரில் நிற்கிறவள் என்பதால் சொல்கிறேன், மொழியை மாற்றினால் புரிந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. 2006-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆங்கிலம் பேசும் 395 நோயாளிகள், மருந்துச் சீட்டும் ஆங்கிலம்தான். "இரண்டு மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை" என்ற வரியைக் காட்டினார்கள். வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் 71 சதவீதம் பேர் அதைச் சரியாகவே சொன்னார்கள். அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எண்ணிக் காட்டுங்கள் என்றதும் 35 சதவீதம் பேரால்தான் காட்ட முடிந்தது. நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களிலும் மூன்றில் ஒருவருக்கு மேல், காட்டிய சீட்டுகளில் ஒன்றையாவது தவறாகப் புரிந்துகொண்டார்கள். சொந்த மொழியிலேயே இந்த நிலைமை.

பெரிய மாத்திரை விழுங்கச் சிரமமாக இருக்கிறது என்று மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையை இடித்துக் கொடுக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இடித்துவிட்டால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். இன்னும் சிலர் மலத்தில் அந்த மாத்திரையின் கூடு அப்படியே வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மருந்து கரையவே இல்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். மருந்து உள்ளே இறங்கியிருக்கும், வெளியே வருவது வெறும் கூடுதான். இதையெல்லாம் அந்தச் சின்னச் சீட்டில் எந்த மொழியில் எழுதுவீர்கள்? பேசித்தான் புரிய வைக்க வேண்டும். "வீட்டில் எப்படிச் சாப்பிடுவீர்கள், எனக்குச் சொல்லுங்கள்" என்று நோயாளி வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். மனு கொடுப்பதானால் கவுண்டரில் தமிழ் பேசும் ஆள் வேண்டும் என்று கேளுங்கள்.

லயத்து வாசகன்

அக்கா, நீங்கள் சொல்லும் ஆய்வு தெரிந்த மொழியைப் பற்றியது. தெரியாத மொழியில் சீட்டைக் கொடுத்துவிட்டு, தெரிந்த மொழியிலும் சிலர் தடுமாறுகிறார்கள் என்று சொல்வது எங்கள் பெரியவர்களுக்கு என்ன பதில்? சிங்கப்பூரில் வயதானவர்களிடம் இதையே சோதித்து, 2019-இல் முதுமை பற்றிய ஓர் ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஆங்கிலத்தோடு அவரவர் மொழியையும் சேர்த்து எழுதியபோது புரிதல் கூடியது. கூடவே படம் இருந்தாலும் கூடியது, இல்லாவிட்டாலும் கூடியது. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று.

கவுண்டரில் பேசலாம் என்கிறீர்கள். கவுண்டருக்கு யார் வருகிறார்? தொடர் மருந்தை மாதாமாதம் வாங்கப் போவது மகனோ மருமகளோதான். தபாலிலும் அனுப்புகிறார்கள். நீங்கள் பொறுமையாகச் சொல்வதெல்லாம் மகன் காதில் விழும், அவர் மறுநாள் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்விடுவார். மத்தியானம் மாத்திரை எடுக்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பது அந்தச் சீட்டு மட்டும்தான்.

ஓய்வு ஆசிரியர்

நான் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்தியவன், தமிழுக்கு எதிராகப் பேசுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குப் பயம் வேறு இடத்தில். சீட்டில் தமிழ் வரி அச்சாகி வருகிறது என்று வையுங்கள். கொடுக்கிற மருந்தாளருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. "ஒன்று" என்பது "ஒன்றரை" என்று அச்சாகியிருந்தால் யார் கண்டுபிடிப்பார்? மலாயில் தவறு இருந்தால் கவுண்டரில் இரண்டு பேர் கண்ணில் படும். தமிழில் இருந்தால் நேராக நோயாளியின் வயிற்றுக்குப் போகும். கணினி மொழிபெயர்ப்பில் வந்த அறிவிப்புப் பலகைகளைப் பார்த்திருக்கிறோமே, மருந்திலும் அப்படி நடக்க வேண்டுமா?

இன்னொன்று. இன்று தோட்டங்களில் நம்மவர்களைவிட வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் நேப்பாளிகளும் அதிகமாக இருக்கும் இடங்கள் உண்டு. அவர்களுக்கும் அதே நீரிழிவு, அதே மாத்திரை. சூரியன், நிலா படம் போட்டுக் காலை, இரவு என்று கட்டம் கட்டினால் எல்லாருக்கும் பொது.

லயத்து வாசகன்

ஐயா, "1 மாத்திரை, காலை, சாப்பாட்டுக்குப் பிறகு" போன்ற வரிகள் மொத்தமாக எத்தனை இருக்கும்? ஒரு பட்டியலுக்குள் அடங்கிவிடும். ஒருமுறை தமிழ் தெரிந்த மருந்தாளர்களை வைத்துச் சரிபார்த்துவிட்டால், மலாய் வரியைத் தேர்ந்தெடுக்கும்போது அதற்குரிய தமிழ் வரி தானாகவே அச்சாகும். மருந்தாளர் தமிழைத் தட்டச்சு செய்யவே தேவையில்லை.

பால்மரக்காரர் மனைவி

எல்லாரும் படிக்கத் தெரியாதவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். என் வீட்டுக்காரர் மலாய் நன்றாகப் படிப்பார். அவருக்கு கிளிக்லசைட் என்ற நீரிழிவு மாத்திரை, காலையில் சாப்பாட்டுக்கு முன் என்று எழுதியிருந்தது. அவர் ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர். விடியுமுன் எழுந்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் கோப்பி ஓ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். பால் எடுத்து முடித்துப் பசியாறவே பத்து மணி ஆகும். ஒரு நாள் ரத்தத்தில் சீனி இறங்கிப்போய், மரத்தடியில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, கையில் கத்தியோடு உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்தவர் பார்த்ததால் தப்பினார்.

சீட்டைச் சரியாகத்தான் படித்தார், சொன்னபடிதான் சாப்பிட்டார். காலைச் சாப்பாடு எட்டு மணிக்கு என்று யாரோ நினைத்து எழுதியது. தமிழில் எழுதியிருந்தாலும் அவர் அன்று அங்கேதான் உட்கார்ந்திருப்பார். நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

மருந்தகத்துக்காரி

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், நீங்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். அக்கா, அவருடைய மாத்திரை வேளையை அந்தப் பத்து மணிப் பசியாறலோடு சேர்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டு, சீட்டிலும் அப்படியே மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம். பையில் கொஞ்சம் சீனி எப்போதும் இருக்கட்டும். நடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, அப்புறம் சாப்பிட வேண்டும்.

2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டில் வயது வந்தோரில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று வந்தது, இந்தியர்களிடம்தான் அதிகம். சுமார் மூன்றில் ஒருவருக்குச் சுகாதாரத் தகவலைப் புரிந்து பயன்படுத்தும் திறன் குறைவு என்றும் அதே ஆய்வு சொன்னது. இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அப்பாவின் மகள்

சீட்டை விடுங்கள், உள்ளே வரும் தகவல் தாளைப் பற்றியும் பேசுவோம். என் அப்பா ஆபீஸ் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர், ஆங்கிலம் சரளம். கொழுப்பு மாத்திரையின் தாளில் தசைவலி வரலாம் என்று படித்துவிட்டு, எங்களிடம் சொல்லாமலே நிறுத்திவிட்டார். பக்க விளைவுக்கு "பொதுவானது" என்று ஒரு வகை போடுகிறார்கள். ஐரோப்பிய விதிப்படி அது நூறு பேரில் ஒருவர் முதல் பத்துப் பேர் வரை. படிக்கிறவரோ பாதிப் பேருக்கு வந்துவிடும் என்று எடுத்துக்கொள்கிறார். எத்தனை பேருக்கு என்று எண்ணிலேயே எழுதினால் என்ன? ஐரோப்பாவில் 2005 முதல் இந்தத் தாளைச் சாதாரண மக்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, கேள்வி கேட்டுச் சோதித்துவிட்டுத்தான் வெளியிட வேண்டும். தமிழில் போட்டாலும் சரி, மலாயில் போட்டாலும் சரி, நம் பாட்டிமார்களிடம் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் அச்சடியுங்கள்.

ஓய்வு ஆசிரியர்

மகளே, தாளைத் தமிழில் நீட்டி முழக்கினால் இன்னும் பத்துப் பேர் மாத்திரையை நிறுத்துவார்கள். எனக்கு அந்தக் கவலையும் உண்டு.

அப்பாவின் மகள்

மறைத்தால் நிறுத்த மாட்டார்களா ஐயா? வலி வந்ததும் காரணம் தெரியாமல் நிறுத்துவார்கள். அப்பாவுக்கு டாக்டர் அந்த எண்ணைச் சொல்லி விளக்கிய பிறகு மறுபடியும் சாப்பிடுகிறார்.

தோட்டத்துப் பேரன்

மனுவை மாற்றி எழுதியிருக்கிறேன். மலாய் வரியை எடுக்கச் சொல்லவில்லை. அதன் கீழே, முன்கூட்டியே சரிபார்த்த தமிழ் வரி. எந்த நோய்க்கான மாத்திரை என்று ஒரு வரி, மருந்தின் பெயர் தமிழ் எழுத்திலும். நிறம் மாறி வந்தால் அதே மருந்துதான் என்று பாட்டி தானே ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். காலை, மத்தியானம், இரவு என்று கட்டம், அதில் நோயாளி உண்மையில் சாப்பிடும் நேரத்தைக் கேட்டு எழுத வேண்டும்.

மருந்தகத்துக்காரி

நேரத்தைக் கேட்டு எழுத வேண்டும் என்ற வரிக்காக நான் கையெழுத்துப் போடுகிறேன். தமிழ் வரி மட்டும் கிடைத்து, கேட்கிற ஆள் கிடைக்காவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும் என்பதையும் மனுவில் எழுதுங்கள். ஏற்கெனவே சீட்டில் நோயாளி பெயர், மருந்தின் பெயர், சாப்பிடும் முறை, தேதி, கொடுத்த இடம் எல்லாம் இருக்க வேண்டும். இன்னும் இவ்வளவு சேர்க்கப் பெரிய சீட்டு வேண்டும், எழுத்தும் பெரிதாக வேண்டும். அதையும் சேருங்கள்.

ஓய்வு ஆசிரியர்

கட்டத்துக்கும் நேரத்துக்கும் சம்மதம். தமிழ் வரிகளை யார் சரிபார்ப்பது, பிழைக்கு யார் பொறுப்பு என்று மனுவில் ஒரு சொல்கூட இல்லை. அது வரும்வரை நான் கையெழுத்துப் போட மாட்டேன், தம்பி.