பறக்கும் ரயிலைக் கால்வாய்க்குள் இறக்கியது சரியா?

கால்வாய்க்கரை:
சென்னையில் தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயில், கடற்கரை முதல் வேளச்சேரி வரை மொத்தமே 19 கி.மீ. சொச்சம். அதற்காக பக்கிங்ஹாம் கால்வாயைப் பலி கொடுத்துவிட்டோம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு, 1877-78ல், தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த மக்களுக்குப் பிழைப்பு கொடுக்க வெட்டியது. அவர்கள் கையால் தோண்டிய இடத்தில்தான் இன்று கான்கிரீட் தூண்கள் நிற்கின்றன. மயிலாப்பூர்ப் பக்கம் பாலத்தில் நின்று எட்டிப் பாருங்கள். தூணுக்குத் தூண் குப்பை சிக்கி, தண்ணீர் அசையாமல் கிடக்கும்.

தரமணி பயணி:
வருத்தம் புரிகிறது நண்பரே. ஆனால் படகுப் போக்குவரத்தை முடித்தது ரயில் இல்லை. 1965, 66 புயல்களிலேயே கால்வாய் பாழாகிவிட்டது. வேறு எந்த வழியாகக் கொண்டுபோயிருக்க முடியும்? திருவல்லிக்கேணி தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள், மொட்டை மாடியில் காயும் புடவையின் கரை என்ன நிறம் என்று சொல்லிவிடலாம். அவ்வளவு நெருக்கமான வீடுகள். கால்வாய் புறம்போக்கு இல்லையென்றால் எத்தனை குடும்பங்களைக் கிளப்பியிருக்க வேண்டும்! வேளச்சேரி–பரங்கிமலை 5 கி.மீ. என்ன ஆனது? அங்கே கால்வாய் இல்லை. ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்காக வழக்கு, வருஷக்கணக்கில் வேலை நின்றது.

கால்வாய்க்கரை:
ஆதம்பாக்கம் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கால்வாய் வழியே போனதால் சீக்கிரம் முடிந்ததா? 1995ல் சேப்பாக்கம், 1997ல் திருமயிலை, 2004ல் திருவான்மியூர், 2007ல்தான் வேளச்சேரி. பன்னிரண்டு வருஷம்!

மாலைநேர ரயில்:
இரண்டு பேரும் தூணைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் தினமும் ஏறி இறங்குகிறவள். கால்வாயை ஒட்டியே போனதால் பல நிலையங்கள் கடைத்தெருவை விட்டு ஒதுங்கி நிற்கின்றன. நான் இறங்கும் நிலையம் கல்யாண மண்டபம் மாதிரி பெரிசு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆளே இருக்காது, படிக்கட்டில் பாதி விளக்கு எரியாது. செருப்புச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் இறங்குவேன். பாதை தப்பு என்று சொல்ல மாட்டேன். ஐந்து ரூபாய் டிக்கெட் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அந்தப் பெரிய கட்டடத்துக்குள் நாலு கடையாவது வர வேண்டும்.

தரமணி பயணி:
இதை மறுக்க முடியாது அக்கா. ஆனால் அது பராமரிப்பில் உள்ள குறை, பாதையின் குறை இல்லை.

கால்வாய்க்கரை:
பராமரிப்பு என்றதும் கேட்கிறேன். அடுத்த ஐப்பசி மழைக்குள் தூர்வார வேண்டும். அந்தத் தூண்களுக்கு நடுவே இயந்திரம் எப்படிப் போகும்? அதற்கு வழி சொல்லுங்கள் தம்பி, பாதை சரிதான் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.