அப்டேட்: அப்பா டயாலிசிஸ்ல இருக்காரு, சாமி கும்பிடவே மனசு வரல, என்ன பண்றதுன்னு கேட்டிருந்தேனே

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. தியானம் ட்ரை பண்ணேன், ரெண்டு நாள்ல தூங்கிட்டேன். ஒர்க் ஆனது "சாமிய திட்டணும்னா அப்பர் மாதிரி திட்டுங்க"ன்னு ஒருத்தர் சொன்னதுதான். சூலை நோய்ல வயிறு முறுக்கி திருவதிகை சிவன் கோயில்ல அப்பர் பாடுன முதல் பதிகம், கூற்றாயினவாறு விலக்ககிலீர்னு (எமன் மாதிரி வந்த இந்த நோய விலக்க மாட்டேங்கறீங்களேன்னு) எடுத்தவுடனே புகார்தான், மொத்தம் 10 பாட்டு. வாரம் 3 நாள், 4 மணி நேரம் அப்பா மெஷின்ல இருக்கப்ப போன்ல பாத்து முணுமுணுப்பேன், போன வாரம் நான் ஒரு வரில தடுமாறுனா கண்ண மூடிட்டே அப்பா முடிக்கிறாரு, சின்ன வயசுல தாத்தா சொல்லிக்குடுத்ததாம், எனக்கு தெரியவே தெரியாது! கிட்னி டெஸ்ட்ல பாக்குற கிரியேட்டினின்லாம் அப்படியேதான் இருக்கு. ஆனா இப்ப வீட்ல விளக்கு ஏத்துறேன். பண்ருட்டி பக்கம்தானே, மெஷின் இல்லாத நாளா பாத்து ரெண்டு பேரும் திருவதிகை போறோம்.