மறு: 'பொதுவிருப்பம்' போதுமா? – ரூசோவின் ஒரு சொல்லுக்குத் தமிழ்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சில் எழுதிய சிந்தனையாளர் ரூசோவின் 'சமூக ஒப்பந்தம்' நூலை மொழிபெயர்க்கும்போது, அதில் வரும் 'வொலோந்தே ஜெனெரால்' (ஆங்கிலத்தில் general will) என்ற சொல்லைப் 'பொதுவிருப்பம்' என்பதா, நான் சொல்லும் 'பொதுச்சித்தம்' என்பதா என்று மூன்று நாளாக நடக்கும் இந்த இழையைப் படித்து வருகிறேன். இன்றுதான் எழுத நேரம் வாய்த்தது.

> 'பொதுவிருப்பம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. எளிய சொல். எதற்கு இன்னொன்று?

ஐயா, புழங்குகிற சொல்லைக் காரணமில்லாமல் மாற்றக் கூடாது என்பதுதான் என் கட்சியும். ஆனால் இந்த இடத்தில் காரணம் இருக்கிறது. போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் 'சமூக ஒப்பந்தம்' இரண்டாம் பகுதி மூன்றாம் அத்தியாயத்தின் வரைவைப் படித்துக் காட்டினேன். முடித்ததும் ஒரு மாணவி கேட்டார்: "100 பேரில் 60 பேர் விரும்பினா அது பொதுவிருப்பந்தானே?" இல்லை என்று சொல்வதற்காகவே ரூசோ அந்த அத்தியாயத்தை எழுதினார். அவரவர் தன் நலத்தைப் பார்த்து நாடுவதையெல்லாம் கூட்டினால் கிடைப்பது ஒன்று. எல்லோருக்கும் பொதுவான நலத்தை மட்டுமே நாடுவது வேறொன்று. வாக்கெடுப்பு இரண்டாவதைக் கண்டறிய உதவலாம், அதை உண்டாக்கிவிடாது. என் வரைவில் முதலாவது 'அனைவரின் விருப்பம்', இரண்டாவது 'பொதுவிருப்பம்'. வாய்விட்டுப் படிக்கும்போது இரண்டும் ஒன்றாகவே காதில் விழுந்தன. அந்தப் பெண் சரியாகத்தான் கேட்டார். பிழை என் சொல்லில் இருந்தது.

காப்பியா டீயா என்பது விருப்பம். நிறைவேறாவிட்டால் ஏமாற்றம் வரும், அவ்வளவுதான். அது யாரையும் கட்டுப்படுத்தாது. ரூசோ பேசும் 'வொலோந்தே' (ஆங்கிலத்தில் will) அப்படிப்பட்டது அல்ல. அது சட்டமாகிற, ஆணையிடுகிற ஒன்று.

இந்தச் சொல் வந்த வழியைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 'வொலோந்தே ஜெனெரால்' ரூசோவின் சொந்தச் சரக்கு இல்லை. 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு இறையியலில் அது கடவுளுக்கு உரியதாக இருந்தது. பாதிரியாரும் தத்துவ அறிஞருமான மால்பிராஞ்ச் 1680இல் எழுதிய நூலில், விதைத்த வயலிலும் மழை பெய்கிறது, கடலிலும் பெய்கிறதே ஏன் என்று கேட்கிறார். கடவுள் ஒவ்வொரு துளிக்கும் தனித்தனியாக முடிவு செய்வதில்லை, பொதுவான விதிகளின் வழியே செயல்படுகிறார் என்பது அவருடைய விடை. 1755இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் ஆசிரியர் திதரோ அதன் கட்டுரை ஒன்றில் இதை மனித குலம் முழுமைக்கும் உரியதாக்கினார். 1762இல் ரூசோ ஒரு நாட்டின் குடிமக்கள் கையில் கொடுத்தார்.

கடவுளிடமிருந்து மக்களுக்கு வந்த இந்தச் சொல் பிரான்சில் அரசனையும் இடம்பெயர்த்தது. 1787 நவம்பர் 19 அன்று அரச ஆணைகளைப் பதிவு செய்யும் உயர் நீதிமன்றமான பாரிஸ் பார்லமாவில் அரசர் பதினாறாம் லூயி புதுக் கடன்களைப் பதிவு செய்யச் சொன்னபோது, இது சட்டத்துக்கு மாறானது என்றார் அரச குடும்பத்தவரான ஓர்லேயான் கோமகன். அரசர் சொன்ன பதில்: "சட்டப்படி சரிதான், ஏனென்றால் அது என் சித்தம்." 21 மாதம் கழித்து, 1789 ஆகஸ்ட் 26 அன்று நிறைவேறிய மனித உரிமைப் பிரகடனத்தின் ஆறாவது பிரிவு "சட்டம் என்பது பொதுச்சித்தத்தின் வெளிப்பாடு" என்று தொடங்குகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அரசர் வாயில் 'நான் விரும்புவதால்' என்று போட்டால் அந்த அதிகாரத் தொனி வருகிறதா? எனக்கு வரவில்லை.

அதனால்தான் 'சித்தம்' என்கிறேன். 'உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல' என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். 'மகாராஜா சித்தம்' என்று நாடக மேடையில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கடவுள், அரசன் இருவருக்கும் நாம் ஏற்கெனவே புழங்கிய சொல்லையே மக்களுக்கும் கொடுக்கலாம்.

> வடசொல் வேண்டுமா? 'சித்தம் கலங்கியவர்' என்றால் மனம்தானே? கத்தோலிக்கர் 'திருவுளம்' என்கிறார்கள். 'பொதுவுளம்' வைக்கலாமே.

அக்கா, இந்த இழையில் வந்த மறுப்புகளில் கனமானது இதுதான். இரண்டு நாள் 'பொதுவுளம்' போட்டே வரைவைத் திருத்திப் பார்த்தேன். சிக்கல் என்னவென்றால், 'திருவுளம்' என்பதில் முடிவெடுக்கும் பொருளைத் தருவது 'திரு'. அதை எடுத்துவிட்டால் உளம் வெறும் மனமாகிவிடுகிறது. 'பொதுவுளம்' என்றதும் மக்களின் மனநிலை, கூட்டு மனம் என்று எண்ணம் ஓடுகிறது. சித்தத்துக்கும் அந்தப் பொருள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 'உங்கள் சித்தம்' என்று ஒருவர் சொன்னால், முடிவை உங்களிடம் விட்டேன் என்றுதான் எல்லோருக்கும் புரியும். அந்த முடிவெடுக்கும் பொருள் எந்த அடைமொழியும் இல்லாமல் அதில் நிற்கிறது.

இன்னொரு வசதியும் இருக்கிறது. ரூசோ மூன்றுக்கும் ஒரே வேர்ச்சொல்லையே ஆள்கிறார். நாமும் தனிச்சித்தம், தொகைச்சித்தம், பொதுச்சித்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அத்தியாயத்தின் முக்கிய வாக்கியம் இப்படி வருகிறது:

"தொகைச்சித்தத்துக்கும் பொதுச்சித்தத்துக்கும் பல வேளைகளில் பெரிய வேறுபாடு உண்டு. பின்னது பொதுநலனை மட்டுமே பார்க்கிறது. முன்னது தனிநலனைப் பார்க்கிறது. அது தனிச்சித்தங்களின் கூட்டல் மட்டுமே."

கடவுளின் வாசனை ஒட்டிய சொல் புரட்சிக்கு ஆகாது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அந்த வாசனை வேண்டும் என்பதுதான் என் வாதம். 1791 வசந்தத்தில் பாரிஸ் தச்சர்கள் கூலி உயர்வு கேட்டு ஒன்று சேர்ந்தார்கள். ஜூன் 14 அன்று தேசிய சபை லெ ஷப்பலியே சட்டத்தை நிறைவேற்றி அப்படிப்பட்ட கூட்டமைப்புகளைத் தடை செய்தது. தனி ஆளின் நலன் உண்டு, பொதுநலன் உண்டு, இடையில் வேறெதுவும் இல்லை என்பது அதை முன்மொழிந்த உறுப்பினர் லெ ஷப்பலியே சொன்ன நியாயம். அரசுக்குள் பகுதிச் சங்கங்கள் (ஒரு பிரிவினர் மட்டும் சேரும் அமைப்புகள்) கூடாது என்ற ரூசோவின் வரி இதற்குப் பின்னால் நிற்கிறது. அப்படிச் சங்கங்கள் இருந்தால் அவற்றின் எண்ணிக்கையைப் பெருக்குங்கள் என்று அடுத்தாற்போலவே அவர் எழுதியது சபையில் எடுபடவில்லை. வேலைநிறுத்தம் குற்றமில்லை என்றாக 1864 வரையும், தொழிற்சங்கம் சட்டப்படி அமைய 1884 வரையும் பிரெஞ்சுத் தொழிலாளிகள் காத்திருந்தார்கள்.

'பொதுவிருப்பம்' என்று எழுதினால் இந்த நிகழ்ச்சி விளங்கவே விளங்காது. மக்கள் விருப்பத்தின் பெயரால் தச்சர்களின் விருப்பத்தை எப்படித் தடுத்தார்கள் என்று வாசகர் திகைப்பார். 'பொதுச்சித்தம்' என்றால், பிளவுபடாத ஒரே சித்தத்தை அறிந்தவர் நாமே என்று சபை எண்ணியதும், தெய்வச் சித்தத்தைப் போல அதற்கு எதிர்ப்பேச்சு இல்லாமல் போனதும் புரியும். அந்தச் சொல்லின் வலிமையும் ஆபத்தும் இரண்டுமே தமிழுக்கு வந்து சேர வேண்டும்.

ஐயாவுக்காக ஒன்று செய்கிறேன். கலைச்சொல் பட்டியலில் 'பொதுவிருப்பம் – காண்க: பொதுச்சித்தம்' என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன், பழைய நூல்களைப் படித்துவிட்டு வருகிறவர்கள் தடுமாற மாட்டார்கள். 'தொகைச்சித்தம்' மட்டும் எனக்கே இன்னும் கொஞ்சம் புதிதாக ஒலிக்கிறது. 'தொகை' என்றதும் பணத்தொகை நினைவுக்கு வருகிறதா, எட்டுத்தொகையா? வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் திருத்திவிடலாம். முதல் பகுதி ஏழாம் அத்தியாயத்தில் பொதுச்சித்தத்துக்குப் பணிய மறுப்பவரைச் 'சுதந்திரமாக இருக்கக் கட்டாயப்படுத்துவது' பற்றி ஒரு வரி வருகிறது. அங்கே 'சுதந்திரமா', 'விடுதலையா' என்ற கேள்வியைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.