ஆதியின் சிலந்தியும் தாத்தா திதியும்

குழு: செம்பவாங் குடும்பம் (சிங்கப்பூர்)
வெள்ளிக்கிழமை

கவிதா (இரவு 8:12)
அவசரம். ஆதி திங்கட்கிழமை பள்ளியில் புராஜெக்ட் கொடுக்க வேண்டும். தலைப்பு "என்னைச் சுற்றியுள்ள சிறு உயிர்". படத்தை அவனேதான் எடுக்க வேண்டுமாம். சாயங்காலம் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே செம்பருத்திச் செடியிலிருந்து ஒரு சிலந்தியைப் பிடித்து டப்பாவில் வைத்திருக்கிறான். செல்வம் சித்தப்பா, ஞாயிறு திதிக்கு வரும்போது கேமராவைக் கொண்டு வர முடியுமா? பாட்டி வீட்டு மேசையில் வெள்ளைத் தட்டு வைத்து எடுத்துவிடலாம்.

கவிதா (8:12)
[படம்]

மாலதி அத்தை (8:14)
திதி வீட்டுக்குள் சிலந்தியா?

பிரவீன் (8:15)
அந்த டப்பா அத்தையுடையது போல இருக்கே

மாலதி அத்தை (8:15)
என்னுடையதுதான். பச்சை மூடி. தீபாவளிக்கு முறுக்கு போட்டுக் கொடுத்தது.

கவிதா (8:16)
கழுவித் தந்துவிடுகிறேன் அத்தை

மாலதி அத்தை (8:16)
இனி எனக்கு வேண்டாம். நீயே வைத்துக்கொள்.

அப்பா (8:19)
திதி 10 மணி. ஐயர் 9:30க்கே வந்துவிடுவார். எல்லாரும் 9:15க்கு ஈசூனில் அம்மா வீட்டில் இருக்க வேண்டும். எல்லாரும் என்றால் எல்லாரும்.

பிரவீன் (8:20)
அது யாருக்கு என்று தெரியும்

மாலதி அத்தை (8:22)
[பலமுறை பகிரப்பட்டது] எச்சரிக்கை!! கழிப்பறை இருக்கைக்கு அடியில் ஒளிந்திருக்கும் கொடிய விஷச் சிலந்தி!! பெண்கள் பலி!! உடனே உறவினர்களுக்கு அனுப்புங்கள்!!

கவிதா (8:23)
அத்தை, ஆதி படித்துவிட்டான். இப்போது பாத்ரூம் போக மாட்டேன் என்கிறான்.

செல்வம் சித்தப்பா (8:31)
அக்கா, அது 1999இல் மின்னஞ்சலில் கிளம்பிய புரளி. அதில் சொன்ன சிலந்தியும் கிடையாது, அதைக் கண்டுபிடித்ததாகச் சொன்ன மருத்துவ இதழும் கிடையாது. ஆதியிடம் சொல்லு கவிதா, தைரியமாகப் போகட்டும்.

இப்போது டப்பாவில் இருப்பதைப் பார்ப்போம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கருத்த உடம்பு, அதன்மேல் நீலப் பச்சையாக ஒரு மினுக்கம், முன்காலிரண்டும் மற்றதைவிடத் தடிமன். இது தாவும் சிலந்தி வகை. வலை பின்னி உட்காராது, பார்த்துப் பாய்ந்து பிடிக்கும். அண்ணா, அக்கா, நன்றாகப் பாருங்கள். நம் அப்பா தீப்பெட்டியில் வைத்திருந்த சண்டைச் சிலந்தி இதுதான்.

மாலதி அத்தை (8:33)
அதுவா!

மாலதி அத்தை (8:34)
தீப்பெட்டிக்குள் ஒரு இலைத் துண்டு போட்டு வைப்பார். காயக் கூடாது என்பார். கம்பத்தில் (நம் பழைய கிராமத்தில்) அப்பாவின் சிலந்தியை ஜெயித்தது எதுவும் கிடையாது.

செல்வம் சித்தப்பா (8:35)
செம்பருத்தியில் ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு இலையைத் தேடு என்பார். நடுவில் பட்டு நூலால் கூடு கட்டியிருக்கும்.

அப்பா (8:38)
உங்கள் இரண்டு பேரைத்தான் கூட்டிக்கொண்டு போவார். நான் அப்போதே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

பானு சித்தி (8:41)
ஞாயிற்றுக்கிழமைக்கு வடை நான். பாயசம் யார்?

பிரவீன் (8:43)
கவி அக்கா, ஒரு வீடியோவில் பார்த்தேன். டப்பாவோடு ஃபிரிட்ஜில் 5 நிமிடம் வைத்தால் அசையாதாம். ஆதியே ஷார்ப்பாக எடுத்துவிடலாம். வேலை முடிந்தது.

கவிதா (8:43)
அப்படியா, ஈசியாக இருக்கே

செல்வம் சித்தப்பா (8:44)
வைத்துவிடாதே கவிதா. எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிரவீன் (8:45)
கட்டுரை வருது

செல்வம் சித்தப்பா (8:57)
பிரவீன், நீ நல்லதுக்குத்தான் சொன்னாய். ஆனால் குளிரில் விறைத்த உயிரைப் படம் எடுப்பதில் எனக்கு மனம் ஒப்பாது. சிலந்தி காலை நீட்டுவது உள்ளே இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால். அதனால்தான் செத்த சிலந்தியின் கால்கள் உள்பக்கம் சுருண்டுவிடுகின்றன. தட்டில் விறைத்துக் கிடப்பதைப் பார்த்தால், இது எப்படி வாழ்கிறது என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? தலைப்பே "சுற்றியுள்ள" உயிர். சுற்றுப்புறத்தை வெட்டிவிட்டு எதை எடுப்பது?

இப்படிச் செய்யலாம். நாளைக்கு அதே செடியில் அதைத் திரும்ப விடுவோம். பத்தடி தள்ளி நின்று காத்திருப்போம். முதலில் ஓடும், அப்புறம் ஒரு இலை நுனியில் நின்று திரும்பி நம்மைப் பார்க்கும். தாவும் சிலந்தி இப்படி முகத்துக்கு நேராகப் பார்க்கும். எட்டுக் கண்களில் முன்னால் இருக்கும் பெரிய இரண்டைக் கவனிக்கச் சொல்லு. வெளியே தெரியும் லென்ஸ் நகராது, உள்ளே கண் ஒரு குழாய் போல நீண்டிருக்கும், அதன் கடைசியில் இருக்கும் விழித்திரைதான் அசையும். அது நம் பக்கம் திரும்பும்போது கண் நல்ல கறுப்பாகத் தெரியும், வேறு பக்கம் போனால் நிறம் வெளுக்கும். ஆதி கேமரா வழியாக இதைப் பார்த்துவிட்டால் புராஜெக்டைத் தானே எழுதிவிடுவான்.

கேமரா நான் தருகிறேன். அந்த அளவு நெருக்கத்தில் ஃபோகஸ் ஆகும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் வயிறு மங்கும், மங்கட்டும். கண் தெளிவாக இருந்தால் போதும். லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 11 வைப்போம், அதற்கு வெளிச்சம் பத்தாது, அதனால் ஃபிளாஷ். வெறும் ஃபிளாஷ் அடித்தால் அந்த மினுக்கும் உடம்பில் வெள்ளைத் திட்டு விழுந்து நிறமே போய்விடும். பார்சலில் வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாளை முன்னால் வளைத்து ஒட்டியிருக்கிறேன், வெளிச்சம் மெத்தென்று விழும். அவன் மூச்சை அடக்கி முன்னும் பின்னும் லேசாக ஆடினால் போதும், ஃபோகஸ் வளையத்தைத் தொடவே வேண்டாம்.

கவிதா (9:01)
சரி சித்தப்பா. நாளைக்கு எத்தனை மணி? அவனுக்கு 11 வரை டியூஷன்.

அப்பா (9:02)
படித்தேன்

பானு சித்தி (9:03)
அந்த லென்ஸ் என்ன விலை என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ஃபோம் தாள் மட்டும் இலவசம் என்று தெரியும்.

மாலதி அத்தை (9:04)
பாயசம் நான் செய்கிறேன். ஆனால் டப்பா இல்லை.

செல்வம் சித்தப்பா (9:08)
அவன் டியூஷன் முடிந்ததும் நேராக உங்கள் செங்காங் வீட்டுக்கு வருகிறேன். செடி வேலை ஒரு மணி நேரம். அப்புறம் மழை இல்லையென்றால் அவனை வின்சர் இயற்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகலாமா? அப்பர் தாம்சன் பக்கம், வீனஸ் டிரைவ். மாலை 7 மணிக்கு மூடுவார்கள், அதற்குள் வந்துவிடலாம். வெயில் சாயும்போது நீலப் பட்டைத் தேனீ ஏதாவது ஒரு காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு தொங்கும். கால்களை விட்டுவிட்டு வாயால் பிடித்தபடியே தூங்கும். முசுறு எறும்பு போலவே வேஷம் போடும் சிலந்தி ஒன்றும் இருக்கிறது. முன்காலிரண்டைத் தூக்கி எறும்பின் உணர்கொம்பு மாதிரி ஆட்டும். கால்களை எண்ணினால்தான் அகப்படும்.

பிரவீன் (9:09)
முசுறுவை எண்ணப் போய்க் கடி வாங்கியது நான்தான்

மாலதி அத்தை (9:10)
பிள்ளையைக் காட்டுக்குள் கூட்டிப் போகாதே. டெங்கி.

கவிதா (9:11)
முழுக்கை சட்டை போட்டு அனுப்புகிறேன் அத்தை. ஆனால் சனிக்கிழமை அவன் அப்பாவும் ஊரில் இல்லை, பார்க்கிறேன்.

செல்வம் சித்தப்பா (9:13)
ஒன்று மட்டும். பூங்காவிலிருந்து ஒரு எறும்பைக்கூட எடுத்து வரக் கூடாது, தேசியப் பூங்காக் கழகத்தின் விதி. ஆதிக்கு முன்னாலேயே சொல்லிவிடு. அவன் பையில் டப்பா இருக்கக் கூடாது.

மாலதி அத்தை (9:13)
குறிப்பாக என் டப்பா

பாட்டி (9:20)
[குரல் பதிவு 0:48]

கவிதா (9:22)
கேட்க முடியாதவர்களுக்கு: பாட்டி பாத்ரூமிலும் ஒரு சிலந்தி இருக்கிறதாம். உள்ளங்கை அகலம், தட்டையாகச் சுவரில் ஒட்டி நிற்கிறதாம். அது வந்ததிலிருந்து கரப்பான் பூச்சியே இல்லையாம். "செல்வத்துக்கு வேண்டுமானால் வந்து போட்டோ எடுத்துக்கொள்ளட்டும், அதை யாரும் அடிக்கக் கூடாது."

அப்பா (9:23)
ஸ்பிரே வாங்கி வைத்திருக்கிறேன். ஐயர் வருகிற வீடு.

செல்வம் சித்தப்பா (9:24)
அண்ணா, தயவுசெய்து அடிக்காதீர்கள். அம்மா, வயிற்றுக்கு அடியில் காசு மாதிரி வெளிறிய வட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா பாருங்கள்.

பாட்டி (9:29)
[குரல் பதிவு 0:11]

கவிதா (9:30)
இருக்கிறதாம்.

செல்வம் சித்தப்பா (9:34)
அது முட்டைப் பை. பெண் சிலந்தி. குஞ்சு பொரியும் வரை அதைக் கீழே வைக்காது. அண்ணா, இந்த ஒரு முறை என் பேச்சைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை 8 மணிக்கே ஈசூனில் இருப்பேன். ஐயர் வருவதற்குள் படம் எடுத்துவிட்டு, அந்தப் பாத்ரூம் கதவைச் சாத்திவிடுகிறேன். வந்தவர்கள் இன்னொன்றைப் பயன்படுத்தட்டும்.

அப்பா (9:36)
8 மணிக்கு நீ. பார்ப்போம்.

பிரவீன் (9:36)
ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்

மாலதி அத்தை (9:38)
குஞ்சு எத்தனை வரும்?

செல்வம் சித்தப்பா (9:39)
நூற்றுக்கணக்கில் வரும் அக்கா

மாலதி அத்தை (9:39)
[இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

மாலதி அத்தை (9:40)
அண்ணா, ஸ்பிரே எந்தக் கடை?

செல்வம் சித்தப்பா (9:41)
அக்கா!! முட்டைப் பையோடு அதை ஒரு பெரிய கண்ணாடி ஜாடியால் மூடி, கீழே அட்டையைச் செருகி, வெளியே செடிப் பக்கம் விடலாம். திதி முடிந்ததும் நானே செய்கிறேன். ஆதியும் கூட நிற்கட்டும்.

கவிதா (9:43)
ஆதி கேட்கிறான்: அப்படியானால் புராஜெக்டுக்குச் செம்பருத்திச் சிலந்தியா, பாட்டி சிலந்தியா?

அப்பா (9:44)
அம்மாவிடம் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்யலாம். ஸ்பிரே அலமாரியிலேயே இருக்கட்டும்.

கவிதா (9:46)
சித்தப்பா, நாளைக்கு 11:30 எங்கள் புளோக் கீழே. வின்சர் போவது இன்னும் உறுதியில்லை. டப்பாவின் மூடியை இப்போதே கொஞ்சம் திறந்து வைக்கட்டுமா?

செல்வம் சித்தப்பா (9:46)
திறக்காதே, ஓடிவிடும். ஊசியால் சின்ன ஓட்டைகள் போடு. ஒரு ஈரப் பஞ்சு வை, போதும்.

மாலதி அத்தை (9:47)
மூடியிலா

பானு சித்தி (9:52)
வடைக்கு உளுந்து எவ்வளவு ஊறப் போடுவது? எத்தனை பேர் வருகிறீர்கள் என்று யாராவது சொல்லுங்கள்.